அந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது?

பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

'இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு எது, ஏன்?' என்று போன இதழில் கேட்டிருந்தோம். 'எது' என்பதற்கு எல்லோரும் பதில் எழுதிவிட்டார்கள். 'ஏன்' என்பதற்கு வந்ததெல்லாம் 'சூப்பர்', 'செம ஃபீல்', 'மனசை என்னமோ பண்ணுது' என்ற மூன்று பதில்தான். அந்த 'என்னமோ' எது என்று நோண்டிப் பார்க்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: எங்களைக் கேட்பது இருக்கட்டும். இந்த மாதம் உங்கள் காதில் ஓடுவது எது? ஏன் என்பதையும் 'சூப்பர்' போடாமல் சொல்லவும்.
(வாசகி, மன்னார்குடி)

ப: பந்தயம் ஏற்றோம். மூன்று பாட்டு.

முதலாவது, 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்தின் 'பனி விழும் மலர்வனம்'. ராகம் சலநாட்டை, 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) 36-ஆவது. கீபோர்டில் ஒரு கட்டையை, அதாவது சி-யை, 'ச' என்று வைத்துக்கொண்டால் சுரங்கள் இப்படி வரும்: சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஏ ஷார்ப், பி. வாசித்துப் பாருங்கள். முதல் சுரத்திலிருந்து இரண்டாவதற்கு ஒரு தாவல். அங்கிருந்து மூன்று சுரம் தோளோடு தோள் உரசி நிற்கும். மறுபடி 'ப'-விலிருந்து ஒரு தாவல், மறுபடி மூன்று சுரம் நெருக்கம். பள்ளத்தைத் தாண்டிக் குதித்து, குதித்த இடத்திலேயே குறுகலான சந்தில் நடப்பதுபோல. கச்சேரி மேடையிலேயே அபூர்வமாக எடுக்கும் இந்தக் கரடுமுரடான சுரக்கட்டில் கொஞ்சும் காதல் பாட்டைப் போட்டிருக்கிறார் இளையராஜா. அதை ஏதோ வழுவழுப்பான மெட்டு மாதிரி எஸ்.பி.பி. பாடிவிட்டுப் போகிறார். திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது அந்த ஏமாற்றுதான்.

இரண்டாவது, 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே'. உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ பாடியது. இதில் காதுக்கு வேலை ஒரு பங்கு, பள்ளிக்கூடத் தமிழுக்கு வேலை இரண்டு பங்கு. குறுந்தொகை 40-ஆம் பாட்டின் 'யாயும் ஞாயும்' சாயல் வருவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். ஆனால் 'அற்றைத் திங்கள்' எங்கிருந்து வந்தது? புறநானூறு 112. தந்தை பாரியும் போய், பறம்பு மலையும் போய் நிற்கிற மகளிர் பாடிய கையறுநிலை அது. கையறுநிலையின் முதல் சொல்லை எடுத்துக் காதல் பாட்டில் நிலா காய வைத்திருக்கிறார் வைரமுத்து. மூலம் தெரியாதவருக்கு அது வெறும் நிலா. தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியில் மட்டும் லேசாக இருட்டும்.

மூன்றாவது, 'சிந்து பைரவி' (1985) படத்தின் 'கலைவாணியே'. யேசுதாஸ் பாடிய கல்யாணி. ஆனால் இதில் ஆரோகணம் மட்டும்தான், அவரோகணமே கிடையாது. மெட்டு ஏறும், இறங்காது. அதெப்படி முடியும் என்று கேட்பீர்கள். பாட்டு ஓடும்போது ஆள்காட்டி விரலைக் காற்றில் வைத்து மெட்டை வரைந்து பாருங்கள். ஏறுமுகமாகவே போய், ஒரு சொற்றொடர் முடிந்ததும் விரல் பொத்தென்று கீழே குதித்து, அங்கிருந்து அடுத்த படியைத் தொடங்கும். படிக்கட்டில் ஏறலாம், இறங்கும்போது மட்டும் குதித்துத்தான் ஆகவேண்டும் என்ற விதி. விரலால் வரையாமல் வெறுமனே கேட்டால் இந்தச் சூட்சுமம் பிடிபடாது. 'என்னமோ வித்தியாசமா இருக்கே' என்பதோடு நின்றுவிடும்.

கே: குடும்ப வாட்ஸாப் குரூப்பில் தினமும் ஒரு பாட்டு அனுப்புகிறேன். எல்லோரும் கட்டைவிரல் போடுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை. என்ன செய்ய?
(வாசகர், கோவில்பட்டி)

ப: தினமும் அனுப்புவதை நிறுத்துங்கள். வாரம் ஒன்று போதும்.

அடுத்து, முழுப் பாட்டைத் தலையில் கட்டாமல் ஓர் இடத்தைக் காட்டுங்கள். கச்சேரி ரசிகர்கள் வெளியே வந்து பேசுவதைக் கவனித்திருப்பீர்களே: 'அந்தச் சரணத்தில் மேல் காந்தாரத்தில் நின்னாரே, அந்த இடம்!' இரண்டரை மணி நேரக் கச்சேரியை எட்டு விநாடியாகச் சுருக்கிக் கையில் கொடுக்கிற பேச்சு அது. பாட்டு அனுப்பும்போதும் அதுதான் வேலை செய்யும். ஒரு செய்தியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எத்தனையாவது நிமிடம், அங்கே எது நடக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது.

மாதிரிக்கு ஒன்று: 'தளபதி (1991), ராக்கம்மா கையத் தட்டு. ஏழு நிமிடப் பாட்டு. நடுவில் குத்து சட்டென்று நின்று, அப்பரின் குனித்த புருவமும் தேவாரம் நுழையும். அது முடிந்து தாளம் திரும்ப வரும்போது எப்படி வருகிறது பார்.' இதைப் படித்தவர் தேவாரம் வரும்வரையாவது கேட்பார். 'ராஜா ராஜாதான்!' என்று நாலு தீப்பொறி பொம்மையோடு அனுப்பினால் கட்டைவிரல் மட்டும்தான் வரும்.

பழைய பாட்டுக்கு இன்னொன்று: 'கொஞ்சும் சலங்கை (1962), சிங்காரவேலனே தேவா. ஜானகி பாடும் சுரத்துக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் பதில் சொல்லும் இடம். குரலை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் பின்தொடர்ந்து கேள்.'

நிமிடக் கணக்கு எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பாட்டு வசனத்தோடு தொடங்கும் பதிவும் சுற்றுகிறது, வசனத்தை வெட்டிய பதிவும் சுற்றுகிறது. படத்தில் வரும் பாட்டுக்கும் கேசட்டில் வந்த பாட்டுக்கும் நீளம் வேறாக இருப்பது சகஜம். எந்தப் பதிவில் நேரம் பார்த்தீர்களோ அதே லிங்க்கை அனுப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன இடத்தில் அவருக்கு வேறு யாரோ பாடிக்கொண்டிருப்பார்கள்.

கே: சங்கீதம் படித்ததில்லை. பேத்தியின் சின்னக் கீபோர்டு வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை வைத்து ராகம் கண்டுபிடிக்கப் பழகலாமா?
(வாசகர், தாராபுரம்)

ப: தாராளமாக. வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம், கறுப்புக் கட்டைகள் போதும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். மொத்தம் ஐந்து சுரம். எந்தக் கட்டையில் தொடங்குகிறீர்களோ அதற்கேற்ப ராகம் மாறும்.

மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையில் தொடங்கி, கறுப்பிலேயே அடுத்த மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டைவரை போனால் மோகனம். நடுக் கட்டையில் தொடங்கினால் மத்யமாவதி. மூன்றாவதில் தொடங்கினால் ஹிந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதலில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் தொடங்கினால் சுத்த தன்யாசி. இதற்குக் கிரக பேதம் என்று பெயர். வித்வான்கள் மேடையில் செய்து கைதட்டல் வாங்குகிற சமாசாரம்தான்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஐந்தையும் வாசித்துவிட்டு, 'எல்லாம் ஒரே மாதிரிதானே கேட்கிறது' என்பார்கள். பின்னால் சுருதி ஓடாவிட்டால் ஒரே மாதிரிதான் கேட்கும். எது 'ச' என்று காதுக்குத் தெரியாததால், கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் அது மோகனமாகவே எடுத்துக்கொள்ளும். செல்போனில் சுருதிப் பெட்டி ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, மோகனத்துக்கு நாலரைக் கட்டை (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு), மத்யமாவதிக்கு ஐந்தரை, ஹிந்தோளத்துக்கு ஆறரை, சுத்த சாவேரிக்கு ஒன்றரை, சுத்த தன்யாசிக்கு இரண்டரை என்று வைத்து ஓடவிடுங்கள். அதன் மேல் வாசியுங்கள். அதே ஐந்து கட்டை முகம் மாறுவது பளிச்சென்று தெரியும்.

பிறகு பாட்டுக்கு வாருங்கள். மோகனத்துக்கு 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்'. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தின் எடுப்பைத் தொட்டுவிட்டுத் தன் வழியே போகிற பாட்டு. ஹிந்தோளத்துக்கு 'தர்மபத்தினி' (1986) படத்தின் 'நான் தேடும் செவ்வந்திப் பூவிது'. பாட்டின் சுருதி உங்கள் கறுப்புக் கட்டையோடு ஒத்துப் போகாது. கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' பொத்தான் இருந்தால் ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கிப் பாட்டோடு சேருமிடத்தில் நிறுத்துங்கள். பல்லவி முடிந்து குரல் எந்தச் சுரத்தில் உட்கார்கிறதோ, பெரும்பாலும் அதுதான் 'ச'.

இதில் கிடைப்பது ராகத்தின் எலும்புக்கூடு. கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, கட்டையில் எடுக்க முடியாது. கீபோர்டில் வாசித்த ஹிந்தோளம் பள்ளிக்கூட மணிபோல இருந்தால் உங்கள் மேல் தப்பில்லை.

கே: டி.வி.யில் பதிவு செய்த பழைய பாட்டும் ஆப்பில் வரும் அதே பாட்டும் சுருதியில் ஒத்துப் போவதில்லை. எது சரி?
(வாசகர், கும்பகோணம்)

ப: பெரும்பாலும் ஆப்பில் வருவது. காரணம் மிக எளிமையானது. ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டகம் ஓடும். நம் ஊரின் பழைய டி.வி. முறையான 'பால்' (PAL) என்பதில் விநாடிக்கு 25. படத்தை டி.வி.க்கோ வி.சி.டி.க்கோ மாற்றும்போது ஒவ்வொரு சட்டகத்தையும் அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக ஓட்டினால், படமும் ஒலியும் சுமார் 4 சதவீதம் வேகமாகிவிடும். நாலரை நிமிடப் பாட்டு 4 நிமிடம் 19 விநாடியில் முடிந்துவிடும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். அதனால்தான் கீபோர்டில் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு எதோடும் சேராமல் படுத்துகிறது. டி.எம்.எஸ். குரல் கொஞ்சம் இளைத்த மாதிரி கேட்டால் சந்தேகப்படுங்கள்.

சரிசெய்ய, கணினியில் அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து 'சேஞ்ச் ஸ்பீடு' போய், 0.96 என்று கொடுங்கள். 'சேஞ்ச் டெம்போ'வைத் தொடாதீர்கள். அது வேகத்தை மட்டும் மாற்றும், சுருதி தப்பாகவே இருக்கும். யூடியூபின் வேகப் பொத்தானும் அப்படித்தான். கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டு என்றால் இந்தக் கணக்கு செல்லாது. டேப்ரெக்கார்டரின் பெல்ட் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது அது. காப்புரிமைச் சோதனையில் சிக்காமலிருக்க வேண்டுமென்றே சுருதி மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு.

கே: பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக் கேட்பேன். தப்பா?
(வாசகி, திண்டிவனம்)

ப: பழைய மோனோ பாட்டு என்றால் எதுவும் குறையாது. 1978-இன் 'ப்ரியா'வை முன்னோடியாகச் சொல்லும் ஸ்டீரியோ காலத்துப் பாட்டுகளில்தான் பிரச்சினை. குரல் நடுவில் இருக்கும், அது எந்தக் காதிலும் கேட்கும். இடையிசையில் வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் கிட்டார் என்று பிரித்திருந்தால் பாதி சம்பாஷணை உங்களுக்குக் கிடைக்காது. கேள்வி கேட்கும், பதில் வராது. போன் செட்டிங்ஸில் 'அக்ஸசபிலிட்டி' பகுதியில் 'மோனோ ஆடியோ' என்றிருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரு காதுக்கே வரும். ஒரு காது மந்தமானவர்களுக்கும் இதுவே வழி.

கே: ஃபார்வர்டில் வந்த பாட்டு ஏன் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் கேட்கிறது?
(வாசகர், சிவகாசி)

ப: நாலு கை மாறியிருக்கும். எம்.பி.3 ஆக்கும்போது ஒரு முறை ஒலியைக் கழிப்பார்கள். அதை ஒரு ரோஜாப்பூப் படத்தோடு வீடியோ ஆக்கும்போது இன்னொரு முறை. வாட்ஸாப் வீடியோவை மறுபடி சுருக்கும். அதிலிருந்து யாரோ மறுபடி எம்.பி.3 எடுப்பார். முதலில் அடிபடுவது ஜால்ரா, சிம்பல், மிருதங்கத்தின் வலந்தலை நாதம், குரலில் 'ச', 'ஸ'. நீங்கள் சொல்லும் மணல் அதுதான்.

கோப்பின் அளவை வைத்தே தரத்தைச் சொல்லிவிடலாம். நாலரை நிமிடப் பாட்டு 320 கே.பி.பி.எஸ். என்றால் சுமார் 11 எம்.பி. இருக்கும். 128 என்றால் 4.3 எம்.பி. அதற்கும் கீழே, 2 எம்.பி. என்று இருந்தால் கேட்பதற்கு முன்பே அழித்துவிடலாம். 128-ஐ 320 ஆக்கித் தருகிறோம் என்னும் ஆப்களை நம்பாதீர்கள். அது மோரில் தண்ணீர் ஊற்றுவது. குடம் நிறையும், மோர் கூடாது.

சினிமாப் பாட்டுக்கு லிங்க் அனுப்புவதே நல்லது, உரிமைப் பிரச்சினையும் இல்லை. வீட்டில் நீங்களே பதிவு செய்த பாட்டியின் தாலாட்டு போன்றவற்றை அனுப்ப, ஆடியோவாகவோ வீடியோவாகவோ போகாமல் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். பதிவு செய்தது செய்தபடி போய்ச் சேரும்.

கே: மறைந்த பாடகர்கள் புதுப் படத்தில் பாடுகிறார்களே, கேட்கலாமா வேண்டாமா?
(வாசகர், ஆம்பூர்)

ப: கேளுங்கள், ஆனால் யார் பாடுகிறார்கள் என்று தெரிந்து கேளுங்கள். 2024-இல் மூன்று பாட்டு பேசப்பட்டது: 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா'வில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது, 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'வில் மலேசியா வாசுதேவன், 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் பவதாரிணி. முதல் பாட்டுக்குக் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் அப்போதே சொன்னார்.

இந்த மாதிரிக் குரல் மாற்றத்தில் வழக்கமான முறை, இப்போது இருக்கும் ஒருவர் பாட, மறைந்தவரின் பழைய பதிவுகளில் கற்ற மென்பொருள் அந்தக் குரலின் சாயலை மேலே போர்த்துவது. அப்படிச் செய்தால் சாயல்தான் பழையவருடையது. மூச்சு எடுக்கும் இடம், சங்கதி, 'ழ'-வை உச்சரிக்கும் விதம், கிண்டல், குறும்பு எல்லாம் இப்போது பாடியவருடையது. மலேசியா வாசுதேவன் ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக விடுவாரே, அதைப் பழைய பாட்டு ஒன்றில் கேட்டுவிட்டு இதில் தேடிப் பாருங்கள். நீண்ட கார்வையையும் ஹெட்போனில் கேளுங்கள். மனிதக் குரல் இயல்பாகத் தளரும் இடத்தில் போர்த்திய குரல் சில சமயம் பளபளவென்று ஒரே சீராக நிற்கும். எங்கள் தீர்ப்பு: குரல் கேட்டது, ஆள் வரவில்லை.

கே: நாங்கள் எல்லோரும் 'ராஜா பாட்டு', 'ரஹ்மான் பாட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாசித்தவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஊசியை வைக்கும் பழக்கத்தை இந்தப் பக்கத்துக்கும் கற்றுக்கொடுத்தது இலங்கை வானொலி. ஆனால் அங்கேயும் வாத்தியக்காரர் பெயர் வந்ததில்லை.

பாட்டைப் பகிரும்போது சேர்த்துக்கொள்ளச் சில பெயர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி விரல் அசைக்க, ஊதியவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 'டூயட்' (1994) முழுக்க ஓடும் சாக்ஸஃபோன் கத்ரி கோபால்நாத். 'பம்பாய்' (1995) தீம் புல்லாங்குழல் நவீன். இளையராஜாவின் பாட்டுகளில் புல்லாங்குழல் என்றால் நெப்போலியன் என்ற அருண்மொழி, பேஸ் கிட்டார் என்றால் சசிதரன், கிட்டார் என்றால் சதானந்தம், வயலின் என்றால் வி.எஸ். நரசிம்மன், டிரம்ஸ் என்றால் புருஷோத்தமன். ரஹ்மானின் பல பாட்டுகளில் பேஸ், கீத் பீட்டர்ஸ்.

பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்வது நல்ல பயிற்சி. போன் ஸ்பீக்கரில் அது கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது, அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கர் எழுப்பாது. இயர்போனைக் காதில் நன்றாக அழுத்திச் செருகுங்கள். சிலிகான் குமிழ் காதுக்குச் சிறியதாக இருந்து காற்று கசிந்தாலே பேஸ் போய்விடும். பெட்டியில் கூடவே வரும் பெரிய குமிழை மாட்டிப் பார்த்தாலே போதும், விலை கூடிய இயர்போன் தேட வேண்டியிருக்காது.

கே: ஒரே பல்லவி மூன்று நாளாய் மண்டைக்குள் ஓடுகிறது. நிறுத்த வழி?
(வாசகி, பல்லாவரம்)

ப: பல்லவிதான் ஓடும், சரணம் ஓடாது. கவனித்தீர்களா? தெரிந்த துண்டு மட்டும் முடிவில்லாமல் சுற்றுகிறது. முழுப் பாட்டையும் கடைசி விநாடிவரை ஒரு தரம் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாவது சரணத்தின் வார்த்தைகளைப் படித்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. அதற்கும் மசியாவிட்டால் சூயிங்கம். வாய் அசைந்துகொண்டிருந்தால் மனத்துக்குள் பாடுவது குறைகிறது.

கே: 74 வயது அம்மாவுக்குப் பாட்டுப் பட்டியல் போட்டுத் தரவேண்டும். காது கொஞ்சம் மந்தம். 'ஒரே இரைச்சல், வார்த்தை புரியல' என்கிறார். ஒலியைக் கூட்டினால் 'கத்துது' என்கிறார்.
(வாசகி, ஈரோடு)

ப: இரண்டும் உண்மைதான். வயதானால் உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் போகும். க, ச, ட, த போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஒட்டுமொத்த ஒலியைக் கூட்டினால் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் டிரம்ஸும் பேஸும் கூடிக் கத்தும், வார்த்தை அப்படியே மழுங்கி இருக்கும். ஈக்வலைசரில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள், 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்குங்கள். போதாவிட்டால் ஒவ்வொரு டெசிபலாகக் கூட்டலாம். ஒரேயடியாக 10 ஏற்றினால் 'ச' எல்லாம் சீறும்.

பாட்டுத் தேர்விலும் பாதி மருந்து இருக்கிறது. குரல் முன்னால், வாத்தியம் பின்னால் என்று பதிவு செய்த ஐம்பதுகள், அறுபதுகள் காலத்துப் பாட்டுகளில் தொடங்குங்கள். 'திருவருட்செல்வர்' (1967) படத்தின் 'மன்னவன் வந்தானடி' போன்ற சுசீலா பாட்டு ஒவ்வோர் எழுத்தையும் எடுத்துக் கையில் தரும். தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்த அடர்த்தியான பாட்டுகளை, அவருக்கு ஏற்கெனவே வார்த்தை மனப்பாடமாக இருந்தால் மட்டும் சேருங்கள். தெரிந்த வார்த்தையை மனம் நிரப்பிக்கொள்ளும்.

வரிசைக்குக் கச்சேரிப் பத்ததியைப் பார்த்துக்கொள்ளலாம். வர்ணம்போல விறுவிறுப்பாக ஒன்று, நடுவில் நிதானமாக, கனமாக இரண்டு, அப்புறம் துக்கடாக்கள், மத்யமாவதியில் ஒரு மங்களம். 45 நிமிடத்துக்குப் பத்துப் பாட்டு. அடுத்தடுத்து ஒரே பாடகி, ஒரே வேகம் என்று மூன்று வந்தால் தூங்கிவிடுவார் (அதுதான் நோக்கம் என்றால் நான்காகவே போடுங்கள்). ஆப்பில் 'நார்மலைஸ் வால்யூம்' பொத்தானைப் போட மறக்காதீர்கள். 1960-களின் பதிவு மெதுவாக ஒலித்து முடிந்ததும் புதுப் பாட்டு தடாலென்று காதில் அறைவதற்கு அதுதான் தடுப்பு. ஹெட்போன் என்றால் ஒரு வரம்பும் வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 80 டெசிபல் ஒலியில் வாரம் 40 மணி நேரம். ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

சி-60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். ரெக்கார்டிங் சென்டர்காரர் அதில் ஏழாவது பாட்டைத் தொடங்கிச் சரணத்தில் அறுத்துவிடுவார். அம்மாவிடம் அந்தக் காலத்துக் கேசட் இருந்தால் அதே வரிசையில் போட்டுக் கொடுங்கள். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் எடுப்பு அவர் வாயில் வந்துவிடும். அறுந்த சரணத்தை மட்டும் இப்போது முழுசாகக் கேட்கட்டும்.

கே: மகன் ராப் கேட்கிறான். 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் 'உங்களுக்குப் புரியாது' என்கிறான். என்னதான் இருக்கிறது?
(வாசகர், தூத்துக்குடி)

ப: மெட்டைத் தேடாதீர்கள், யாப்பைத் தேடுங்கள். நம் செய்யுளில் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் விழும். மோனை முதல் எழுத்தில். ராப்பில் பெரும்பாலும் நடப்பது இயைபு, அதாவது கடைசி ஒலி ஒன்றுவது. தகதிமி என்று தொடையில் நாலு தட்டித் தாளம் போடுங்கள். இயைபு வழக்கமாக நாலாவது தட்டில் வந்து விழும். நல்ல ராப்பர் அதை மூன்றாவதிலேயே போட்டுவிட்டு, நாலாவதைக் காலியாக விடுவார். அல்லது தாண்டிப் போய் அடுத்த சுற்றின் முதல் தட்டில் முடிப்பார். கை ஓரிடத்தில் தட்ட, சொல் வேறிடத்தில் விழும். அதுதான் சுவை. வேகம் பிடிபடாவிட்டால் 0.75-இல் ஓடவிட்டுத் தட்டுங்கள், சுருதி மாறாது.

தொடங்க, பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நிலமற்றவர்களின் நினைவும் ஒப்பாரியின் சாயலும் அதில் இருப்பதால் உங்கள் காது சீக்கிரம் இடம் கண்டுகொள்ளும். அறிவு பாடும் பகுதியில் மூன்று இயைபைக் குறித்துக்கொண்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது தட்டு என்று எழுதி மகனுக்கு அனுப்புங்கள். நாலாவதை அவனே காட்டுவான்.